ராணுவமே இல்லாத ஐஸ்லாந்து பிரிட்டனைப் பின்வாங்க வைத்த கதை: காட் மீன் போர்களில் சர்வதேச உறவுக் கோட்பாடுகள் எங்கே நிற்கின்றன?

சர்வதேச உறவுக் கோட்பாடுகளை விளக்க வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் உலகப் போரையோ கியூபா ஏவுகணை நெருக்கடியையோதான் கையில் எடுப்பார்கள். இரண்டு பக்கமும் பெரிய ஆட்கள் மோதுகிற கதைகள் அவை, எந்தக் கோட்பாட்டை வைத்துப் பார்த்தாலும் ஓரளவு பொருந்திவிடும். ஒரு கோட்பாடு எவ்வளவு தாங்கும் என்று பார்க்க வேண்டுமானால், அது திணறுகிற இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். எனக்குத் தெரிந்து அதற்கு ஏற்ற இடம் வட அட்லாண்டிக்கில், மீன் நாற்றத்துக்கு நடுவே இருக்கிறது. 1952 முதல் 1976 வரை ஐஸ்லாந்தும் பிரிட்டனும் காட் மீனுக்காகப் போட்ட சண்டையைத்தான் சொல்கிறேன்.

பிரிட்டனிடம் அணுகுண்டு இருந்தது, ராயல் நேவி இருந்தது, ஐ.நா. பாதுகாப்பு சபையில் நிரந்தர இடமும் வீட்டோவும் இருந்தன. ஐஸ்லாந்து 1944-ல் குடியரசான நாடு, 1970களின் நடுவில்கூட மக்கள் தொகை சுமார் 2,20,000 தான், ராணுவம் என்று ஒன்றே கிடையாது, கடலோரக் காவல் படையிடம் விரல் விட்டு எண்ணக்கூடிய ரோந்துக் கப்பல்கள். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் கடைசியில் விட்டுக்கொடுத்தது பிரிட்டன்தான்.

நடந்தது என்ன

1952-ல் ஐஸ்லாந்து தன் மீன்பிடி எல்லையை 3 கடல் மைலிலிருந்து 4 ஆக்கியது. கேட்க ஒரு மைல்தான், ஆனால் வளைகுடாக்களின் வாயைக் குறுக்கே கோடு போட்டு அடைத்துவிட்டதால் பிரிட்டிஷ் டிராலர்கள் (வலையை இழுத்துச் செல்லும் மீன்பிடிக் கப்பல்கள்) காலகாலமாக மீன் பிடித்த பல இடங்கள் உள்ளே போய்விட்டன. கோபத்தில் பிரிட்டிஷ் மீன்பிடித் துறையினர் தங்கள் துறைமுகங்களில் ஐஸ்லாந்து மீனை இறக்கவிடவில்லை. ஐஸ்லாந்தின் ஏற்றுமதியே ஏறக்குறைய மீன்தான் என்பதால் சீக்கிரம் வழிக்கு வந்துவிடும் என்று கணக்குப் போட்டார்கள். அந்த மீனை சோவியத் யூனியன் வாங்க ஆரம்பித்தது. நேட்டோவைத் தொடங்கிய நாடுகளில் ஒன்று பிழைப்புக்கு மாஸ்கோவை நம்புவதா என்று பதறிப்போன அமெரிக்காவும் வாங்கியது. 1956-ல் தடை முடிந்தது, 4 மைல் அப்படியே நின்றது.

அடுத்தது 1958 செப்டம்பர் 1, 12 மைல். இந்த முறை ராயல் நேவியே வந்தது. இரண்டரை ஆண்டு இழுபறிக்குப் பிறகு 1961-ல் பிரிட்டன் 12 மைலை ஏற்றுக்கொண்டது, ஆனால் இனிமேல் எல்லையை நீட்டுவதில் தகராறு வந்தால் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்று ஒரு ஷரத்தையும் எழுதி வாங்கியது.

1972 பிப்ரவரியில் ஐஸ்லாந்து நாடாளுமன்றம் ஒருமனதாக முடிவெடுத்து, செப்டம்பர் 1 முதல் எல்லையை 50 மைல் ஆக்கியது. இந்தச் சுற்றில்தான் அந்தப் புகழ்பெற்ற கம்பிவெட்டி வருகிறது. டிராலர் தன் வலையை இரண்டு இரும்புக் கம்பிவடங்களில் கட்டிப் பின்னால் இழுத்துக்கொண்டு போகும். ரோந்துக் கப்பல் அதன் பின்பக்கமாகக் குறுக்கே ஓடி, தான் இழுத்துவரும் கொக்கி போன்ற கருவியால் அந்த வடத்தை அறுத்துவிடும், அவ்வளவுதான், வலையும் போச்சு, அதிலிருந்த மீனும் போச்சு. துப்பாக்கிச் சூடு கிடையாது, ஆள் சேதம் கிடையாது, ஆனால் அந்தப் பயணமே நஷ்டம். எண்பதுக்கும் மேற்பட்ட கப்பல்களின் வலைகள் இப்படிப் போயின. அதில் மேற்கு ஜெர்மனிக் கப்பல்களும் உண்டு. 1973 மே மாதம் பிரிட்டன் போர்க்கப்பல்களை உள்ளே அனுப்பியது. ஆகஸ்டில், மோதலில் அடிபட்ட ரோந்துக் கப்பலைப் பழுது பார்க்கும்போது மின்சாரம் தாக்கி ஒரு ஐஸ்லாந்துப் பொறியாளர் இறந்தார். உறவையே முறிப்போம் என்று ஐஸ்லாந்து மிரட்டியதும் அக்டோபரில் பிரிட்டன் கப்பல்களைத் திரும்ப அழைத்தது. நவம்பரில் ஆண்டுக்கு 1,30,000 டன் என்ற வரம்போடு இரண்டு ஆண்டு ஒப்பந்தம் போட்டார்கள்.

அந்த ஒப்பந்தம் முடிவதற்குள் 1975 அக்டோபரில் ஐஸ்லாந்து 200 மைல் என்றது. இந்தக் கடைசிச் சுற்றுதான் இருப்பதிலேயே முரட்டுத்தனமானது. கப்பல்கள் ஒன்றையொன்று வேண்டுமென்றே இடித்துக்கொண்டன. நீர்மூழ்கியை வேட்டையாடக் கட்டிய மெல்லிய உடல் கொண்ட போர்க்கப்பல்களை, பனிக்கடலுக்கென்று கட்டிய ரோந்துக் கப்பல்களோடு முட்டவிட்டால் யாருக்குச் சேதம் அதிகம் என்பதை பிரிட்டிஷ் கடற்படை செலவு செய்து கற்றுக்கொண்டது. 1976 பிப்ரவரி 19 அன்று ஐஸ்லாந்து தூதரக உறவைத் துண்டித்தது. நேட்டோவின் இரண்டு உறுப்பினர்களுக்கு இடையில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. ஜூன் 1-ல் ஆஸ்லோவில் கையெழுத்தான ஒப்பந்தம் ஒரே நேரத்தில் 24 பிரிட்டிஷ் டிராலர்களுக்கு மட்டும் இடம் கொடுத்தது, அதுவும் ஆறு மாதத்துக்குத்தான். கையெழுத்துப் போட்ட வெளியுறவு அமைச்சர் ஆன்டனி கிராஸ்லண்ட், மீன்பிடித் துறைமுகமான கிரிம்ஸ்பி தொகுதியின் எம்.பி. அரசியலில் இப்படியெல்லாம்கூட விதி விளையாடும்.

யதார்த்தவாதம் தோற்றதா?

யதார்த்தவாதத்தின் அடிப்படை எளிமையானது. நம் ஊரில் வரப்புத் தகராறு வந்தால் சர்வேயர் இருக்கிறார், தாசில்தார் இருக்கிறார், கோர்ட் இருக்கிறது; நாடுகளுக்கு மேலே அப்படி யாரும் கிடையாது. ஆகவே ஒவ்வொரு நாடும் தன் கையையே நம்ப வேண்டும், பலம் உள்ளவன் சொல்வது நடக்கும். கி.மு. 416-ல் மெலோஸ் என்ற சின்னத் தீவை ஏதென்ஸ் நசுக்கிய கதையைத்தான் இந்தப் பள்ளியினர் இன்றைக்கும் முதல் பாடமாகச் சொல்வார்கள். அந்தக் கணக்குப்படி ஐஸ்லாந்து இன்னொரு மெலோஸ் ஆகியிருக்க வேண்டும்.

ஆகவில்லை என்பதால் யதார்த்தவாதம் பொய் என்று சொல்லிவிட்டுப் போவது ரொம்பச் சுலபம், நிறையப் பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கப்பலை மட்டும் எண்ணினால் அது அரைகுறை யதார்த்தவாதம். வரைபடத்தைப் பாருங்கள். சோவியத் வடக்குக் கடற்படையின் நீர்மூழ்கிகள் ரஷ்யாவின் வடமேற்கு மூலையிலுள்ள கோலா தீபகற்பத்திலிருந்து புறப்பட்டு அட்லாண்டிக்குக்குள் வர வேண்டுமென்றால் கிரீன்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் இடையிலுள்ள கடல்வழியைத் தாண்டியாக வேண்டும். அந்த வழியின் நட்டநடுவில் ஐஸ்லாந்து. அங்கே கெஃப்லாவிக்கில் 1951 ஒப்பந்தப்படி அமெரிக்கத் தளம். தளத்தை மூடிவிடுவோம் என்று ரெய்க்யவிக்கில் யாராவது ஒரு அமைச்சர் முணுமுணுத்தாலே பிரஸ்ஸல்ஸிலும் வாஷிங்டனிலும் தொலைபேசி அடிக்கும். 1973-லும் 1976-லும் நேட்டோ பொதுச் செயலாளர் யோசப் லுன்ஸ் நேரடியாக இறங்கி ஓடியாடியது காட் மீன் மேல் இருந்த பாசத்தால் அல்ல.

ஆக, ஐஸ்லாந்து தன் பலத்தால் ஜெயிக்கவில்லை, தான் உட்கார்ந்திருந்த இடத்தால் ஜெயித்தது. அதைக் கொடுத்ததே உலகம் இரண்டு முகாமாகப் பிரிந்திருந்த அமைப்புதான். இப்படிச் சொன்னால் யதார்த்தவாதம் பிழைத்துக்கொள்கிறது. ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. உலக அமைப்பைப் பற்றி இந்தப் பள்ளியில் ஆழமாக எழுதியவர் கென்னத் வால்ட்ஸ். அவருடைய 1979 வாதத்தின்படி, இரண்டு வல்லரசுகள் மட்டும் இருக்கும் உலகில் குட்டிக் கூட்டாளிகள் போனால் போகட்டும் என்று தலைவன் இருக்க முடியும், ஏனென்றால் பலத்தின் பெரும்பகுதி அவனிடமே இருக்கிறது. அப்படிப் பார்த்தால் ஐஸ்லாந்தின் மிரட்டலை அமெரிக்கா கண்டுகொள்ளாமல் இருந்திருக்கலாம். கண்டுகொண்டது. கூட்டாளி கொண்டுவரும் படையும் பணமும் ஒரு ரகம், வேறெங்கும் கிடைக்காத நிலம் இன்னொரு ரகம். வால்ட்ஸின் சட்டகம் முதலாவதைத்தான் எடை போடுகிறது.

யாருக்கு எது இல்லாமல் முடியாது

ராபர்ட் கியோஹேனும் ஜோசப் நையும் 1977-ல் முன்வைத்த சிக்கலான பரஸ்பரச் சார்பு என்ற கருத்து இந்தக் கதைக்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்துகிறது. நாடுகள் பல இழைகளால் பின்னப்பட்டிருக்கும்போது ஒரு விஷயத்தில் படையைப் பயன்படுத்தினால் மற்ற எல்லா விஷயங்களிலும் அதன் விலையைக் கொடுக்க வேண்டியிருக்கும், அப்போது படை பலம் வேறு பேரத்துக்கு நாணயமாகச் செல்லாது என்பது அவர்கள் வாதம். பிரிட்டன் ஒரே ஒரு ரோந்துக் கப்பலைப் பீரங்கியால் மூழ்கடித்திருந்தாலும் மீன்பிடிப் பிரச்சினை முடிந்து நேட்டோ பிரச்சினை ஆரம்பமாகியிருக்கும்.

இதோடு பணயத்தின் அளவையும் பார்க்க வேண்டும். ஐஸ்லாந்துக்கு மீன்தான் நாடு. 1960களின் இறுதியில் அங்கே ஹெர்ரிங் மீன்வளம் சரிந்து பொருளாதாரமே ஆட்டம் கண்டது, காட் மீனுக்கும் அதே கதி வந்தால் என்ன ஆகும் என்ற பயம் வெறும் பிரசாரம் அல்ல. பிரிட்டனுக்கோ அது ஹல், கிரிம்ஸ்பி, ஃப்ளீட்வுட் என்ற சில ஊர்களின் பிழைப்பு, தேசக் கணக்கில் சின்னத் தொகை. பிரிட்டனுக்கு ஆயிரம் கவலைகளில் இது ஒன்று, ஐஸ்லாந்துக்கு வேறு கவலையே இல்லை.

இன்னொரு நடைமுறை விஷயமும் உண்டு. டிராலர்களைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அவற்றை ஒரு பெட்டிக்குள் அடைத்தாற்போல ஓரிடத்தில் சேர்த்து வைத்துச் சுற்றிலும் போர்க்கப்பலை நிறுத்த வேண்டும். மீன் அந்தப் பெட்டிக்குள்தான் இருப்பேன் என்று எழுதிக் கொடுக்கவில்லையே. கடற்படையால் கப்பலைக் காக்க முடிந்தது, தொழிலைக் காக்க முடியவில்லை. எந்தக் கோட்பாட்டு நூலிலும் இல்லாத இந்தச் சின்ன விவரம் முடிவைத் தீர்மானித்ததில் பாதிப் பங்கு வகித்தது என்பது என் கணிப்பு.

அப்புறம் அந்த மிரட்டல் நம்பும்படி இருந்ததற்கு ஒரு உள்நாட்டுக் காரணம் உண்டு. 1971 முதல் 1974 வரை மீன்வளத் துறையை வைத்திருந்த லூத்விக் யோசெப்சன், அமெரிக்கத் தளம் போக வேண்டும் என்று சொல்லும் இடதுசாரிக் கட்சிக்காரர். அதே நேரத்தில், 1974 தொடக்கத்தில் தளம் இருக்கட்டும் என்று கேட்ட மனுவில் 55,000-க்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டரை லட்சம்கூட இல்லாத நாட்டில் அது எவ்வளவு பெரிய எண் என்று பாருங்கள். இந்த இழுபறி பலவீனம் போலத் தெரியும், பேரத்தில் அது பலம். "எங்களுக்கு நேட்டோ வேண்டும்தான், ஆனால் நீங்கள் இப்படியே போனால் எங்களால் இங்கே ஆட்களைச் சமாளிக்க முடியாது" என்று சொல்லும் வசதி ஐஸ்லாந்து அரசுக்குக் கிடைத்தது. வெளியே ஒரு பேரம், வீட்டுக்குள்ளே ஒரு பேரம், இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன என்று ராபர்ட் புட்னம் 1988-ல் கோட்பாடாக எழுதியதை ஐஸ்லாந்து அரசியல்வாதிகள் முன்பே செய்துகாட்டிவிட்டார்கள்.

சரி, சர்வதேச நிறுவனங்கள் ஒத்துழைப்பைக் கொண்டுவரும் என்று தாராளவாதிகள் சொல்வார்களே, அது? இங்கே கொஞ்சம் உதைக்கிறது. 1961 ஷரத்தை வைத்து பிரிட்டன் சர்வதேச நீதிமன்றம் போனது. ஐஸ்லாந்து ஆஜராகவே இல்லை. 1974 ஜூலையில், 50 மைலை பிரிட்டன் மேல் ஒருதலையாகத் திணிக்க முடியாது என்று தீர்ப்பு வந்தது. வழக்கில் ஜெயித்தவர் கடலில் தோற்றார்.

மாறிக்கொண்டிருந்த விதி

அந்தத் தீர்ப்பு ஏன் செத்துப் பிறந்தது என்பதற்கு கன்ஸ்ட்ரக்டிவிசம் ஓரளவு பதில் வைத்திருக்கிறது. நாடுகளின் நலன் என்பது கல்லில் செதுக்கியது இல்லை, எது நியாயம், யார் நண்பன் என்ற பொதுவான புரிதல்களிலிருந்துதான் அது உருவாகிறது என்பவர்கள் இவர்கள். அலெக்சாண்டர் வெண்ட் ஒரு உதாரணம் சொல்வார்: பிரிட்டனிடம் இருக்கும் 500 அணுகுண்டை விட வட கொரியாவின் 5 அணுகுண்டு அமெரிக்காவைப் பயமுறுத்தும். ரெய்க்யவிக்கிலும் பிரிட்டனின் அணுகுண்டை யாரும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பிரிட்டிஷ் தூதரகத்தின் கண்ணாடியை 1973-ல் கல்லெறிந்து உடைத்தார்கள், அவ்வளவு தைரியம் எதிரிநாட்டுத் தூதரகத்தின் முன்னால் வருமா என்பது சந்தேகம்.

கடலைப் பற்றிய புரிதலும் மாறிக்கொண்டிருந்தது. 1945-ல் கண்டத்திட்டு (கரையை ஒட்டி நீளும் ஆழம் குறைந்த கடலடி நிலம்) எங்களுடையது என்று முதலில் சொன்னது அமெரிக்கா. 1947-ல் சிலியும் பெருவும் 200 மைல் என்றன. 1958, 1960 ஜெனீவா மாநாடுகள் எல்லை அகலத்தைத் தீர்மானிக்க முடியாமல் கலைந்தன, இரண்டாவதில் ஒரே ஒரு வாக்கு குறைந்தது. புதிதாக விடுதலை பெற்ற ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் ஐ.நா.வில் நிறைந்த பிறகு, கரையோர நாட்டுக்கே மீன் என்ற பேச்சு வலுத்தது. 1973-ல் தொடங்கிய மூன்றாவது கடல்சட்ட மாநாட்டில், 1975 வரைவிலேயே 200 மைல் பொருளாதார மண்டலம், அதாவது அதுவரை உள்ள மீன்வளம் கரையோர நாட்டுக்கே என்ற ஏற்பாடு, இடம்பிடித்துவிட்டது. அதாவது பிரிட்டிஷ் ராஜதந்திரிகள் மாநாட்டு மேசையில் எதற்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார்களோ, அதை எதிர்த்து பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் கடலில் முட்டிக்கொண்டிருந்தன. 1977 ஜனவரி 1 முதல் பிரிட்டனே 200 மைல் மீன்பிடி எல்லையை அறிவித்துக்கொண்டது. ஆஸ்லோ ஒப்பந்தத்தின் ஆறு மாதம் முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது!

ஜனநாயக நாடுகள் தங்களுக்குள் போரிடாது என்ற வாதத்துக்கும் இந்தக் கதை ஒரு சங்கடம். இரண்டுமே நல்ல ஜனநாயகங்கள். போர் என்றால் களத்தில் 1,000 பேராவது சாக வேண்டும் என்று ஆய்வாளர்கள் வைத்திருக்கும் அளவுகோலால் இந்த வாதம் தப்பித்துக்கொள்கிறது. ஆனால் தேர்தல் அரசியல் சண்டையைத் தணிப்பதற்குப் பதில் ஏற்றிவிட்டது என்பதுதான் இங்கே கண்ணுக்குத் தெரிவது.

மார்க்சியப் பார்வையை, மையம் விளிம்பைச் சுரண்டுகிறது, அதாவது பணக்கார நாடுகள் ஏழை நாடுகளை உறிஞ்சுகின்றன என்ற வடிவில் இங்கே கொண்டுவந்தால் ஒட்டாது. ஆனால் அந்தப் பள்ளி கேட்கும் இன்னொரு கேள்வி உருப்படியானது: தோற்றது பிரிட்டன் என்றால், பிரிட்டனில் யார்? ஹல்லிலும் கிரிம்ஸ்பியிலும் டிராலர் தொழிலாளிகள் தற்காலிகக் கூலிகளாகக் கணக்கிடப்பட்டார்கள், தொழில் போனபோது முறையான பணிநீக்க இழப்பீடு கிடைக்கவில்லை. அரசு அவர்களுக்கென்று ஒரு இழப்பீட்டுத் திட்டத்தை அறிவித்தது 2000-ல். நாடு என்பதை ஒரே ஆளாகப் பாவிக்கும் கோட்பாடுகள் எல்லாவற்றிலும் இவர்கள் காணாமல் போகிறார்கள். நமக்கு இது புரியாத விஷயம் இல்லை. அதே 1976 மார்ச்சில்தான், இதே 200 மைல் அலை நம் பக்கம் வந்தபோது, இந்தியாவும் இலங்கையும் கடிதம் மாற்றிக்கொண்டு ஒருவர் கடலில் மற்றவர் மீனவர் போகக்கூடாது என்று எழுதிக்கொண்டன. அகலமான அட்லாண்டிக்குக்குச் செய்த விதி, பாக் நீரிணை மாதிரி ஒடுங்கிய இடத்தில் நடுக்கோடாகச் சுருங்கிவிடும், அதன் பின்விளைவைக் கோட்பாடு படிக்காமலே ராமேஸ்வரத்தில் சொல்வார்கள்.

2008: அதே இரண்டு நாடுகள், வேறு உலகம்

கோட்பாடுகளைச் சோதிக்க வரலாறு இரண்டாவது வாய்ப்புத் தருவது அபூர்வம். இங்கே தந்தது. 2006 செப்டம்பரில் அமெரிக்கா கெஃப்லாவிக் தளத்தைக் காலி செய்துவிட்டுப் போனது. இரண்டே ஆண்டில் ஐஸ்லாந்தின் வங்கிகள் விழுந்தன. அதில் லாண்ட்ஸ்பாங்கி வங்கி, ஐஸ்சேவ் என்ற பெயரில் இணையம் வழியாக பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் லட்சக்கணக்கானவர்களிடம் வைப்புத்தொகை வாங்கியிருந்தது. 2008 அக்டோபர் 8 அன்று பிரிட்டன், பயங்கரவாதத் தடுப்புப் பெயர் தாங்கிய 2001 சட்டத்தைப் பயன்படுத்தி அந்த வங்கியின் சொத்துகளை முடக்கியது. நேட்டோ கூட்டாளி மேல் அந்தச் சட்டமா என்று ஐஸ்லாந்து கொதித்தது.

இந்த முறை யார் வந்தார்கள்? செப்டம்பரில் அமெரிக்க மத்திய வங்கி டென்மார்க், நார்வே, ஸ்வீடனுக்கு டாலர் பரிமாற்ற வசதி (அவர்கள் நாணயத்தை வாங்கிக்கொண்டு தற்காலிகமாக டாலர் தரும் ஏற்பாடு) அறிவித்தது, ஐஸ்லாந்துக்கு இல்லை. 1950களில் மீனை வாங்கிய மாஸ்கோ இப்போது 400 கோடி யூரோ கடன் தருவதாகப் பேச்சு அடிபட்டது, கடைசியில் வரவில்லை. நவம்பரில் ஐ.எம்.எஃப். (சர்வதேச நாணய நிதியம்) 210 கோடி டாலர் கடனுக்கு ஒப்புக்கொண்டது. ஒரு நிலத்துண்டின் மதிப்பு உலக அமைப்போடு சேர்ந்து ஏறும், சேர்ந்து இறங்கும் என்ற யதார்த்தவாதக் கணிப்பு இதைவிடத் தெளிவாக நிரூபணமாக முடியாது.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. ஐஸ்சேவ் வைப்புத்தொகைக்கான பணத்தை பிரிட்டனுக்கும் நெதர்லாந்துக்கும் திருப்பிக் கொடுக்கும் ஒப்பந்தத்தை ஐஸ்லாந்து மக்கள் 2010 மார்ச்சில் பொதுவாக்கெடுப்பில் நிராகரித்தார்கள், 90 சதவீதத்துக்கும் மேல் எதிர்ப்பு. 2011 ஏப்ரலில், திருத்திய ஒப்பந்தத்தையும் நிராகரித்தார்கள். விவகாரம் எஃப்டா (ஐரோப்பிய தடையற்ற வர்த்தகக் கூட்டமைப்பு) நீதிமன்றத்துக்குப் போய், 2013 ஜனவரியில் ஐஸ்லாந்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. 1974-ல் நீதிமன்றத்துக்கே போகாமல் கடலில் ஜெயித்த நாடு, இப்போது தளமும் இல்லாமல் நண்பர்களும் இல்லாமல் நீதிமன்றத்தில் ஜெயித்தது. அந்தத் தீர்ப்பை பிரிட்டன் ஏற்றுக்கொண்டது. இந்தச் சுற்றை நான் தாராளவாதக் கணக்கில்தான் எழுதுவேன். ஒரே ஒரு திருத்தத்தோடு: தீர்ப்பு வருவதற்குள் லாண்ட்ஸ்பாங்கியின் சொத்துகளை விற்று வந்த பணம் கடன்காரர்களுக்குப் போய்ச் சேர ஆரம்பித்திருந்தது. தோற்றாலும் பிரிட்டனுக்குப் பெரிய நஷ்டம் இல்லை.